கருப்பு-வெள்ளைப் படங்களை இங்க்ஜெட்டில் அச்சிட: ஒவ்வொரு காகிதத்துக்கும் பிரிண்டரைப் பழக்கும் முறை

திரையில் நிழலும் ஒளியும் அளவாக அமைந்த ஒரு கருப்பு-வெள்ளைப் படத்தைப் பளபளப்பான காகிதத்தில் அச்சிட்டால் ஓரளவு எதிர்பார்த்தபடி வந்துவிடுகிறது. அதே கோப்பை மேட் எனப்படும் பளபளப்பற்ற காகிதத்தில் அச்சிடும்போது நிழற்பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, கருப்பு சாம்பலாகிறது, படம் முழுவதும் மங்கிவிடுகிறது. உடனே கோப்பைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டத்தான் கை போகும். அப்படித் தொடங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் தனித்தனிக் கோப்பு என்று பெருகி, எதை எதற்காகத் திருத்தினோம் என்பதே தெரியாமல் போய்விடும். திருத்தப்பட வேண்டியது படம் அன்று, அந்தக் காகிதத்தில் பிரிண்டர் மை இடும் விதம். அதை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால், பிறகு எந்தப் படத்தையும் அந்தக் காகிதத்தில் நம்பிக்கையோடு அச்சிடலாம்.

இதற்கான தகவல்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் வைப்பது என்ற வரிசைதான் பெரும்பாலும் எங்கும் தெளிவாகக் கிடைப்பதில்லை. தட்டுத்தடுமாறி நான் கண்டுகொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். இதில் ஒவ்வொரு படியும் அடுத்த படியை மாற்றக்கூடியது. ஆகவே ஒன்றைத் தாண்டிக் குதித்தால் பின்னால் செய்த வேலை அத்தனையும் வீணாகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் பிரிண்டரில் உள்ள மைகளைப் பாருங்கள். கருப்பு மையோடு குறைந்தது ஒரு சாம்பல் மையாவது, முடிந்தால் இரண்டு சாம்பல் மைகள், இருக்க வேண்டும். ஒரே ஒரு கருப்பும் மூன்று வண்ணங்களும் மட்டுமே உள்ள பிரிண்டர், சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் வண்ண மைகளைக் கலந்துதான் உருவாக்கும். அதனால் பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும் மின்விளக்கில் சிவப்பாகவும் தெரிகிற அச்சுகள் கிடைக்கும். அத்தகைய பிரிண்டரிலும் கீழே சொல்லப்படுபவற்றைச் செய்யலாம் என்றாலும், சாயல் மாற்றத்தை முழுமையாக ஒழிக்க இயலாது.

காகிதங்களைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். பருத்தி இழையால் ஆன மேட் காகிதம் ஒன்று, பேரைட்டா (பேரியம் சல்ஃபேட் பூச்சுள்ள, மென்பளபளப்பான காகிதம்) அல்லது செமி-கிளாஸி வகை ஒன்று என எடுத்துக்கொண்டால் இரு துருவங்களையும் கற்றுக்கொண்டுவிடலாம். பல தயாரிப்பாளர்கள் வகைக்கு ஓரிரு தாள்கள் கொண்ட மாதிரிப் பொதிகளை விற்கிறார்கள். காகிதத்தைத் தேர்ந்தெடுக்க அவை உதவும். ஆனால் பிரிண்டரைப் பழக்குவதற்கு ஒரே வகையில் பத்துத் தாள்களாவது வேண்டும் என்பதால், தேர்ந்தெடுத்தபின் சிறிய அளவில் ஒரு முழுப் பொதி வாங்குவதே சிக்கனம்.

ஆவணங்கள் என்று பார்த்தால் மூன்று தேவைப்படும். காகிதத் தயாரிப்பாளர் தம் தளத்தில் தரும் அமைப்புக் குறிப்பு முதலாவது. உங்கள் பிரிண்டர் மாடலுக்கு எந்தக் காகித வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். அதே இடத்தில் கிடைக்கும் ஐசிசி புரொஃபைல், அதாவது அந்தக் காகிதத்தில் உங்கள் பிரிண்டர் நிறங்களைத் தரும் விதத்தை விவரிக்கும் கோப்பு, இரண்டாவது. மூன்றாவது, 0 முதல் 100 விழுக்காடு வரை 5 விழுக்காட்டு இடைவெளியில் 21 சாம்பல் கட்டங்களைக் கொண்ட படிப்பட்டைக் கோப்பு; ஆங்கிலத்தில் ஸ்டெப் வெட்ஜ் என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும், இல்லையென்றால் நீங்களே வரைந்துகொள்ளலாம். இவற்றோடு ஒரு குறிப்பேடும் அழியாத பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சின் நிறத்தையும் அடர்த்தியையும் அளவிடும் கருவி, அதாவது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், இருந்தால் வேலை பாதியாகக் குறையும். அது விலை உயர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று காகிதங்களை மட்டும் பழக்கப் போகிறவர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, இரவல் வாங்கலாம், வாடகைக்குக் கிடைத்தால் எடுக்கலாம். கண்ணாலேயே செய்யும் முறையையும் கீழே தருகிறேன்.

செலவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் காகிதத்தின் விலையைப் பார்த்து அஞ்சுவார்கள். ஆனால் நம்மை அறியாமல் பணம் கரையும் இடம் ஹெட் (மை பீய்ச்சும் அச்சுத்தலை) சுத்திகரிப்பும், ஒரு கருப்பு மையிலிருந்து இன்னொரு கருப்பு மைக்கு மாறுவதும்தான். காகிதச் செலவைக் குறைக்க எளிய வழி உண்டு: படிப்பட்டையைத் தாளின் மேல் ஓரத்தில் ஒரு சிறு பட்டையாக அச்சிட்டு, அடுத்த சோதனைக்கு அதே தாளை மறுபடி செலுத்தி, பட்டையின் இடத்தை மட்டும் சற்றுக் கீழே நகர்த்துங்கள். ஒரு ஏ4 தாளில் ஐந்தாறு சோதனைகள் அடங்கிவிடும்.

2. பிரிண்டரைச் சீர்நிலைக்குக் கொண்டுவருதல்

ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் நாசில் செக், அதாவது மைத் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று காட்டும் சோதனைக் கோலம், அச்சிடுங்கள். வண்ணப் படத்தில் ஒரு துளை அடைபட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கருப்பு-வெள்ளையில் வெளிர்சாம்பல் மையின் ஒரு துளை அடைபட்டால்கூட வானத்தில் மெல்லிய கோடுகள் விழும், படிப்பட்டையின் அளவுகளும் பொய்யாகும். அடைப்பு இருந்தால் ஒருமுறை சுத்திகரித்துவிட்டுச் சில மணி நேரம் பிரிண்டரைத் தனியே விட்டு மறுபடி சோதியுங்கள். அடுத்தடுத்துச் சுத்திகரிப்பது மையைக் கொட்டுவதோடு, சில நேரங்களில் காற்றுக் குமிழிகளை உள்ளிழுத்து நிலைமையை மோசமாக்கும்.

ஹெட் அலைன்மென்ட்டை (மைத்துளிகள் சரியான இடத்தில் விழும்படி ஹெட்டை ஒழுங்குசெய்வதை) இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். பின்னால் செய்தால் முன்பு எடுத்த பட்டைகளோடு ஒப்பிட முடியாமல் போகும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. வறண்ட அறையில் துளைகள் அடைபடும், ஈரமான அறையில் காகிதம் நெளியும், உலரும் நேரமும் நீளும்.

3. எந்தக் கருப்பு மை என்பதை முடிவுசெய்தல்

பிக்மென்ட் (நிறமித் துகள்) மை பிரிண்டர்களில் பெரும்பாலும் ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக் என இரண்டு கருப்புகள் இருக்கும். மேல்பூச்சில் பளபளப்பு உள்ள காகிதங்களுக்கு ஃபோட்டோ பிளாக். மேட் காகிதங்களுக்கு மேட் பிளாக். இதை மாற்றிப் பயன்படுத்தினால் விளைவு உடனே தெரியும். மேட் காகிதத்தில் ஃபோட்டோ பிளாக் வலுவிழந்த சாம்பலாக நிற்கும். பளபளப்புக் காகிதத்தில் மேட் பிளாக் ஒட்டாமல் விரலோடு வந்துவிடும்.

இங்கே ஓர் இயற்கையான எல்லையைப் புரிந்துகொள்வது அவசியம். நல்ல மேட் காகிதத்தில் கிடைக்கும் மிகுந்த அடர்த்தி ஏறத்தாழ 1.6 தான், பேரைட்டாவில் 2.3 வரையிலும் அதற்கு மேலும் போகலாம். அடர்த்தி 1.6 என்றால் விழும் ஒளியில் சுமார் 2.5 விழுக்காடு திரும்பி வருகிறது; 2.3 என்றால் 0.5 விழுக்காடு மட்டுமே. மேட் காகிதத்தின் மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம், ஆகவே எவ்வளவு மை கொட்டினாலும் இதைத் தாண்ட முடியாது. மேட் காகிதத்தில் பேரைட்டாவின் கருப்பை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, அது தரும் குறுகிய எல்லைக்குள் எல்லாச் சாயைகளையும் சீராகப் பங்கிடுவதுதான் நம் வேலை.

எப்சன் 3880, பி800 போன்ற மாடல்களில் இரண்டு கருப்புகளும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மை வீணாகும், நிமிடங்களும் கழியும். பி700, பி900, கேனன் புரோ-1000 ஆகியவற்றில் இரண்டுக்கும் தனித்தனித் துளைகள் உள்ளன. உங்களுடையது முதல் வகை என்றால், மேட் சோதனைகளை எல்லாம் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அதன் பிறகு பளபளப்புக் காகிதத்துக்குப் போங்கள்.

4. காகித வகை அமைப்பு: அதிகம் தவறு நடக்கும் இடம்

டிரைவரில் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) உள்ள மீடியா டைப் என்ற தேர்வைப் பலர் வெறும் பெயராகவே நினைக்கிறார்கள். தாளில் எவ்வளவு மை விழ வேண்டும், எந்தக் கருப்பு, ஹெட்டுக்கும் தாளுக்கும் எவ்வளவு இடைவெளி என்பவற்றை உண்மையில் அதுதான் முடிவுசெய்கிறது. வேறு நிறுவனத்தின் காகிதத்தைப் பயன்படுத்தும்போது அதன் பெயர் பட்டியலில் இருக்காது. அப்போது தயாரிப்பாளரின் குறிப்பில் சொல்லப்பட்ட வகையோடு தொடங்கி, அதற்கு நெருங்கிய இன்னும் இரண்டு வகைகளையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோதிக்கும் முறை இது. ஒரே தாளில் மூன்று பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மீடியா டைப்பில். அச்சானவுடன் அருகே அமைப்பின் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். உலர்ந்தபின் எது எது என்று நினைவிருக்காது. பிறகு 80 விழுக்காட்டுக் கட்டத்திலிருந்து 100 வரை உள்ள ஐந்து கட்டங்களை மட்டும் சாளரத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மை குறைவாக இருந்தால் 100 விழுக்காட்டுக் கட்டமே நல்ல கருப்பாக இராது. மை மிகுதியாக இருந்தால் 90, 95, 100 மூன்றும் ஒரே கறையாகத் தெரியும். இன்னும் மிகுந்தால் கட்டத்தின் ஓரம் பிசிறி, நடுவில் மாவு தூவியது போன்ற சீரற்ற புள்ளிகள் தோன்றும், சில காகிதங்களில் 95 விழுக்காடு 100 விழுக்காட்டைவிடக் கருப்பாகக்கூட இருக்கும். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினால் அந்த இடம் மட்டும் உப்பலாகத் தெரியும்.

கருப்பு தன் உச்சத்தை அடைந்து, அதே நேரத்தில் 95-உம் 100-உம் சற்றேனும் வேறுபட்டுத் தெரிகிற அமைப்பே சரியானது. மூன்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால், மிக நெருங்கியதை எடுத்துக்கொண்டு, டிரைவரில் உள்ள மை அடர்த்தி நகர்த்தியை 5 அல்லது 10 புள்ளிகள் குறைத்தோ கூட்டியோ பாருங்கள். இந்தக் கட்டத்தில் நடுச்சாம்பல் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள், அதற்குரிய இடம் பின்னால் வருகிறது. இங்கே பார்க்க வேண்டியது கருப்பு முனை ஒன்றைத்தான்.

300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) மேற்பட்ட பருத்திக் காகிதங்களின் முனைகள் சுருண்டிருந்தால் ஹெட் உரசி ஓரத்தில் கருப்புத் தீற்றல் விழும். தாளை எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்துச் சமன்செய்யுங்கள், பிளாட்டன் இடைவெளியை, அதாவது ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை, ஒரு படி அகலமாக்குங்கள், பின்புற அல்லது முன்புற ஒற்றைத்தாள் வழியையே பயன்படுத்துங்கள். மேலும், இவ்வகைக் காகிதங்களின் மேற்பரப்பில் நுண்ணிய நார்த்தூசி ஒட்டியிருக்கும். அதன்மீது மை விழுந்து, பிறகு தூசி உதிரும்போது கருப்பு நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி நிற்கும். மென்மயிர்த் தூரிகையால் தாளை ஒருமுறை வருடிவிட்டுச் செலுத்துவது இதைத் தடுக்கும். பூச்சு எந்தப் பக்கம் என்பது ஐயமாக இருந்தால், தாளின் மூலையைச் சற்று ஈரமான விரல்களுக்கு இடையே பிடித்துப் பாருங்கள். விரலோடு ஒட்டும் பக்கமே அச்சிடும் பக்கம்.

5. அச்சிடும் வழியைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, டிரைவரிலேயே உள்ள கருப்பு-வெள்ளை முறை. எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ, கேனனில் பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ பிரிண்ட். இதில் கருப்பும் சாம்பல் மைகளும் பெரும்பகுதி வேலையைச் செய்ய, வண்ண மைகள் சாயலுக்காகச் சிறிதளவே சேர்க்கப்படும். இரண்டாவது, வண்ணப் படம்போலவே ஐசிசி புரொஃபைல் வழியாக அச்சிடுவது. மூன்றாவது, குவாட்-டோன்-ரிப் போன்ற தனி மென்பொருள் வழியாக ஒவ்வொரு மையின் அளவையும் நீங்களே ஆள்வது. இது பெரும்பாலும் எப்சன் பிரிண்டர்களுக்கானது, ஆகவே உங்கள் மாடல் அதன் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

புதியவர் முதல் வழியில் தொடங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. சாம்பல் மைகள் முதன்மையாக இருப்பதால் வெளிச்சத்துக்கு வெளிச்சம் சாயல் மாறுவது குறைவு. வண்ண மைகளைக் காட்டிலும் கருப்பு, சாம்பல் மைகளில் உள்ள கரி நிறமி வெளிறாமல் நிற்கும். இரண்டாம் வழியை, ஒளிக்கு ஒரு சாயலும் நிழலுக்கு வேறொரு சாயலும் வேண்டுகிற படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வழி முதல் வழியின் எல்லைகளை நீங்களே உணர்ந்தபின் போக வேண்டியது.

எந்த வழியாக இருந்தாலும் ஒரு பொறி காத்திருக்கிறது: வண்ண மேலாண்மையை இரண்டு இடத்தில் செய்வது. படம் திருத்தும் செயலி ஒருமுறை மாற்ற, டிரைவர் மறுபடியும் மாற்றினால், அச்சு இளஞ்சிவப்பாகவோ மிகவும் இருண்டோ வரும். டிரைவரின் கருப்பு-வெள்ளை முறை என்றால் செயலியில் பிரிண்டரே நிறத்தை நிர்வகிக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புரொஃபைல் வழி என்றால் செயலியில் புரொஃபைலைக் கொடுத்து, டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இந்தத் தேர்வுகள் தெரியும் திரையை ஒரு படமாகச் சேமித்து வையுங்கள். செயலியோ இயங்குதளமோ புதுப்பிக்கப்படும்போது இவை தாமாகவே மாறிவிடுவதுண்டு.

6. படிப்பட்டையை அச்சிட்டு உலரவிடுதல்

இதுவரை முடிவுசெய்த கருப்பு மை, மீடியா டைப், அச்சு வழி ஆகியவற்றை மாற்றாமல், 21 கட்டப் பட்டையை ஒரு புதிய தாளில் அச்சிடுங்கள். கோப்பு கிரே காமா 2.2 என்ற சாம்பல் நிற அமைப்பில் (செயலியில் தேர்ந்தெடுக்கலாம்) இருக்கட்டும். பின்னர் உங்கள் படங்களையும் அதே அமைப்பில்தான் அச்சிட வேண்டும். பட்டை ஒரு வழியிலும் படம் வேறு வழியிலும் போனால் இத்தனை உழைப்பும் பயனற்றது.

அச்சானவுடன் அளக்காதீர்கள். மேட் காகிதத்தில் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பேரைட்டாவிலும் பளபளப்புக் காகிதங்களிலும் ஓரிரவு விடுங்கள். துல்லியமான அளவு வேண்டுமென்றால் இரண்டுக்குமே 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஈரமான மேட் அச்சில் நிழற்பகுதி சற்று ஆழமாகத் தெரிந்து, உலர உலர வெளிறும். அதை நம்பித் திருத்தினால் மறுநாள் அச்சு வேறாக இருக்கும்.

7. பட்டையைப் படித்தல்

கருவி இருந்தால் ஒவ்வொரு கட்டத்தின் எல்-ஸ்டார் மதிப்பையும், அதாவது கண்ணுக்குத் தெரியும் வெளிர்மையின் அளவையும், எடுங்கள். இதில் 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. அளக்கும்போது அடியில் அதே காகிதத்தின் வெற்றுத் தாள்கள் சிலவற்றை வையுங்கள், மேசையின் நிறம் ஊடுருவி அளவைக் கெடுக்காது. கருவியில் எம்0, எம்1, எம்2 என்ற அளவு முறைகள் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அதையே பின்பற்றுங்கள். வெண்மை கூட்டும் வேதிப்பொருள் கலந்த காகிதங்களில் இவை மூன்றும் வெவ்வேறு மதிப்புகளைத் தரும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. மேட் காகிதத்தின் வெள்ளை 96, அதன் முழுக் கருப்பு 17 என்று வந்ததாகக் கொள்வோம். இடையில் உள்ள 79 புள்ளிகளை 20 இடைவெளிகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 4 புள்ளிகள். 25 விழுக்காட்டுக் கட்டம் 76-இலும், 50 விழுக்காடு 56 அல்லது 57-இலும், 75 விழுக்காடு 37-இலும் இருக்க வேண்டும். பேரைட்டாவில் வெள்ளை 96, கருப்பு 5 என்றால் படிக்கு நான்கரைப் புள்ளிகள், நடுச்சாம்பல் 50-இல். ஒரே கோப்பின் ஒரே சாம்பல் இரு காகிதங்களில் ஆறு புள்ளி வேறுபடுவது பிழையில்லை. அதுதான் சரியான பங்கீடு. இரண்டையும் அருகருகே வைத்து நடுச்சாம்பலை ஒன்றாக்க முயன்றால் மேட் அச்சின் நிழற்பகுதி நெருக்கப்பட்டு இறுகிவிடும்.

திருத்தம் செய்யாத மேட் அச்சில் நீங்கள் பெரும்பாலும் காணப்போவது, 50 விழுக்காடு 50-க்குக் கீழே இறங்கியும், 85 முதல் 100 வரையான கட்டங்கள் நான்கைந்து புள்ளிகளுக்குள் குவிந்தும் இருப்பதைத்தான். இந்தக் குவியல்தான் இருண்ட துணியின் மடிப்புகளையும் கருங்கூந்தலின் இழைகளையும் விழுங்கிவிடுவது. மதிப்புகள் மெல்லக் குறைந்துகொண்டே போனால் கர்வ் (சாம்பல் படிகளை வெளிறவோ இருளவோ செய்யும் வளைகோடு) கொண்டு திருத்தலாம். எங்கேனும் குறைந்து மறுபடி ஏறினால் அது மை மிகுதி. எந்தக் கர்வாலும் அது தீராது, நான்காம் படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

கருவி இல்லாதவர் கண்ணால் படிக்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே படாத இடத்தில், பட்டையைத் தட்டையாக வைத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: வெற்றுத் தாளிலிருந்து முதலில் பிரிந்து தெரியும் கட்டம் எது, கருப்போடு கலக்காமல் கடைசியாகத் தெரியும் கட்டம் எது, வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே நிற்பதாகக் கண்ணுக்குப் படும் கட்டம் எது. 5 விழுக்காடு தெரிந்து, 95 தெரிந்து, நடுவில் 50 நின்றால் வேலை முடிந்தது. நடுவில் 40 நின்றால் அச்சு இருண்டிருக்கிறது. 40-க்குரிய மையே 50-க்கு விழும்படி திருத்த வேண்டும். இந்த மூன்று புள்ளிகளே பயன்தரும் ஒரு கர்வை வரையப் போதும்.

8. திருத்தக் கர்வை அமைத்தல்

டிரைவரின் கருப்பு-வெள்ளை முறையைப் பயன்படுத்துவோர், படம் திருத்தும் செயலியில் ஒரு கர்வ் சரிசெய்தல் அடுக்கை உருவாக்கி, அளந்த மதிப்புக்கும் வேண்டிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அதில் ஈடுசெய்து, காகிதத்தின் பெயர், மீடியா டைப், தேதி ஆகிய மூன்றும் கொண்ட பெயரில் சேமிக்க வேண்டும். அச்சிடும் நேரத்தில் மட்டும் அந்த அடுக்கை மேலே வைக்க வேண்டும். படக் கோப்பில் கலந்து சேமித்துவிடக் கூடாது. குவாட்-டோன்-ரிப் பயன்படுத்துவோர் அளந்த மதிப்புகளையே கொடுத்தால் அந்த மென்பொருள் சீராக்கலைத் தானே செய்துகொள்ளும், முன்னோட்டம் பார்க்க உதவும் சாம்பல் ஐசிசி புரொஃபைலையும் அதனோடு வரும் கருவியால் உருவாக்கிக்கொள்ளலாம்.

வேலை செய்யும் கோப்பு 16-பிட்டாக இருக்கட்டும். 8-பிட் கோப்பில் கர்வை அழுத்தமாக வளைத்தால் வானம் போன்ற மென்மையான பரப்புகளில் பட்டை பட்டையாக விழும். திருத்தம் மிகப் பெரிதாகத் தேவைப்பட்டால் கர்வை மேலும் வளைப்பதைவிட, டிரைவரில் உள்ள டோன் தேர்வை ஒரு படி இளக்கி, மறுபடி பட்டையை அச்சிட்டு, எஞ்சிய சிறு வேறுபாட்டுக்கு மட்டும் கர்வைப் பயன்படுத்துவது நல்லது.

கர்வோடு பட்டையை மறுபடி அச்சிட்டு, உலரவிட்டு, படியுங்கள். இரண்டாம் சுற்றிலேயே பெரும்பாலும் போதுமான சீர்மை வந்துவிடும். ஒன்றரைப் புள்ளி வேறுபாட்டைத் துரத்த வேண்டாம். தாளுக்குத் தாள் உள்ள வேறுபாடே அந்த அளவுக்கு இருக்கும்.

9. சாயலைச் சரிசெய்தல்

சீராக்கல் முடிந்தபிறகே சாயலுக்கு வாருங்கள். மேட் பருத்திக் காகிதங்கள் இயல்பாகவே சற்று மஞ்சள் கலந்த வெண்மை உடையவை. அதன்மீது முற்றிலும் நடுநிலையான மையை இட்டால், ஒளிமிகுந்த பகுதிகள் காகிதத்தின் வெப்பச் சாயலையும் நிழல்கள் மையின் குளிர்ச்சியையும் காட்டி, இரண்டும் ஒட்டாமல் நிற்கும். டிரைவரின் சாயல் தேர்வை வெப்பப் பக்கமாகச் சிறிதளவு நகர்த்தினால் நிழல்களும் காகிதத்தோடு இணங்கிவிடும். மாறாக, வெண்மை கூட்டிய பளிச்சென்ற பேரைட்டாவில் நடுநிலையோ சற்றுக் குளிர்ந்த சாயலோ பொருந்தும். அந்த வேதிப்பொருள் காலப்போக்கில் ஆற்றலிழக்கும்போது காகிதம் மஞ்சளடையும்; நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய அச்சுகளுக்கு அது கலக்காத காகிதத்தையே நான் பரிந்துரைப்பேன்.

சாயலை ஒரே வெளிச்சத்தில் முடிவுசெய்யக் கூடாது. சாளரத்தருகே ஒருமுறை, இரவில் மின்விளக்கில் ஒருமுறை, அச்சு மாட்டப்படும் இடத்தின் விளக்கு தெரிந்தால் அங்கே ஒருமுறை பாருங்கள். சாயலை மாற்றினால் அடர்த்தியும் சற்று நகரும் என்பதால், முடிவுசெய்தபின் பட்டையை ஒருமுறை அச்சிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

10. இனி, படம்

திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருக்கட்டும். அச்சு இருண்டு வருகிறது என்ற புகார்களில் பெரும்பகுதி, திரை மிகப் பளிச்சென்று இருப்பதால் எழுவது. எப்சனுக்கு அங்குலத்துக்கு 360 பிக்சல், கேனனுக்கு 300 பிக்சல் என்று கோப்பை அமையுங்கள். மேட் காகிதத்தில் மை சற்றுப் பரவும் என்பதால் கூர்மையாக்கலைப் பேரைட்டாவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். திரையில் மிகையாகத் தெரிவது மேட் தாளில் சரியாக அமையும்.

முழுப் படத்தையும் அச்சிடும் முன், அதில் முக்கியமான இரண்டு மூன்று பகுதிகளை, அதாவது ஆழ்ந்த நிழல் ஒன்று, முகம் ஒன்று, மிகுந்த ஒளி ஒன்று என, இறுதி அளவிலேயே வெட்டி ஒரு சிறு தாளில் அச்சிடுங்கள். படத்தைச் சுருக்கி அச்சிட்டுச் சோதிப்பது ஏமாற்றும். சிறிய அச்சு எப்போதும் அடர்த்தியாகவும் கூர்மையாகவும் தெரியும். இந்த நேரத்தில் மாற்றம் தேவையென்று தோன்றினால், அது இந்தப் படத்துக்கான விருப்பமா, காகிதத்தின் குறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பம் என்றால் படக் கோப்பில் செய்யுங்கள். எல்லாப் படங்களிலும் அதே குறை தெரிந்தால் எட்டாம் படிக்குத் திரும்புங்கள்.

11. குறிப்பேடும் கால அட்டவணையும்

ஒரு காகிதத்துக்கு மூன்று நாட்கள் ஒதுக்குங்கள். முதல் மாலை நாசில் செக், மீடியா டைப் சோதனை, முதல் பட்டை. இரண்டாம் மாலை அளத்தல், கர்வ், இரண்டாம் பட்டை. மூன்றாம் மாலை சரிபார்ப்பும் சாயலும். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து செய்யும் வேலை ஒரு மணி நேரமே, மீதியெல்லாம் உலரும் நேரம். ஒரே நாளில் முடிக்க முயல்வோர்தான் அதிகக் காகிதத்தை வீணாக்குகிறார்கள்.

குறிப்பேட்டில் காகிதத்தின் பெயர், பொதியில் அச்சிட்டுள்ள தொகுப்பு எண், கருப்பு மை, மீடியா டைப், மை அடர்த்தி, டோன், சாயல், அச்சுத் தரம், பிளாட்டன் இடைவெளி, கர்வின் பெயர், வெள்ளை, கருப்பு மதிப்புகள் ஆகியவற்றை எழுதுங்கள். இறுதிப் பட்டையை ஓர் உறையில் இட்டு, வெளிச்சம் படாமல் அதே பக்கத்தில் வையுங்கள். புதிய காகிதப் பொதியைப் பிரிக்கும்போதும், கருப்பு மை கார்ட்ரிட்ஜை மாற்றும்போதும், பிரிண்டர் பல வாரங்கள் சும்மா இருந்தபின்னும் ஒரு பட்டையை அச்சிட்டு உறையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் அப்படியே தொடரலாம்; போகவில்லை என்றால் முதலில் நாசில் செக், அடுத்து டிரைவர் அமைப்புகள், அதன் பிறகே கர்வ் என்ற வரிசையில் தேடுங்கள்.

சட்டமிடுவதற்கு முன்னும் காத்திருக்க வேண்டும். மையில் உள்ள கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் மெல்லத்தான் வெளியேறும். பேரைட்டா, பளபளப்புக் காகிதங்களில் அது இன்னும் மெதுவாக நடக்கும். அவசரமாகக் கண்ணாடிக்குள் அடைத்தால் சில நாட்களில் கண்ணாடியின் உட்புறத்தில் படத்தின் வடிவிலேயே ஒரு மங்கிய படலம் படியும். அச்சின்மீது சாதாரண வெள்ளைத் தாளைப் பரப்பி ஓரிரவு விடுங்கள். அந்தத் தாள் அலை அலையாக நெளிந்திருந்தால் இன்னும் ஆவி வெளியேறுகிறது என்று பொருள். வேறு தாளை மாற்றி மறுபடி விடுங்கள், தாள் நெளியாமல் தட்டையாக இருக்கும் நாளில் சட்டமிடலாம்.